காய்ச்சல் மருந்து புட்டி மாறிவிட்டது, அதே 5 எம்எல் கொடுக்கலாமா?

வில்லியனூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருப்பது சுருக்கமாக இது: பையனுக்கு இரண்டரை வயது, 12 கிலோ, நேற்று ராத்திரியிலிருந்து 102 காய்ச்சல். போன தடவை டாக்டர் ஒரு பாராசிட்டமால் சிரப் எழுதி 5 எம்எல் கொடுக்கச் சொல்லியிருந்தார். அது தீர்ந்துவிட்டது. தெருமுனை மெடிக்கலில் வேறு கம்பெனி புட்டி கொடுத்திருக்கிறார்கள், இதிலும் அதே 5 எம்எல்தானா? கொடுத்து மூன்று மணி நேரத்தில் காய்ச்சல் திரும்பி வருகிறது, நடுவில் வேறு காய்ச்சல் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், சரியா? போன வருஷம் பாதி மிச்சமான புட்டி ஒன்று ஃப்ரிட்ஜில் இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா? பார்க்க மூன்று கேள்வியாக இருந்தாலும் அவர் உண்மையில் கேட்பது ஒன்றைத்தான். ஒரு நாளில் பிள்ளை வயிற்றுக்குள் எவ்வளவு பாராசிட்டமால் போகலாம், வீட்டில் உட்கார்ந்தே அதை எப்படிக் கணக்குப் போடுவது?

நான் டாக்டர் இல்லை. பி.ஃபார்ம் முடித்து கடலூரில் ரொம்ப வருஷமாக மெடிக்கல் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன். புட்டிக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எதோடு எது சேரக்கூடாது என்பதைத் தைரியமாகச் சொல்வேன். உங்கள் பையனுக்கு ஏன் காய்ச்சல் வந்தது என்பதைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லப் போவதில்லை.

முதலில் புட்டி. நம் ஊர்க் கடைகளில் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் குறைந்தது மூன்று வீரியத்தில் கிடைக்கிறது. கைக்குழந்தைக்கான ட்ராப்ஸில் பெரும்பாலும் 1 எம்எல்லுக்கு 100 எம்ஜி. சாதாரண சிரப்பில் 5 எம்எல்லுக்கு 120 அல்லது 125 எம்ஜி. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கான சிரப்பில் அதே 5 எம்எல்லுக்கு 240 அல்லது 250. மூன்றுமே இனிப்பு, முக்கால்வாசி சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறம், அட்டையில் சிரிக்கிற குழந்தை. முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், அதை விட்டுவிடுங்கள். புட்டியைத் திருப்பி, பொடி எழுத்தில் ‘ஒவ்வொரு 5 எம்எல்லிலும்’ (ட்ராப்ஸில் ‘ஒவ்வொரு 1 எம்எல்லிலும்’) என்று ஆரம்பிக்கிற வரியைத் தேடுங்கள், அது எல்லாப் புட்டியிலும் ஆங்கிலத்தில் இருக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த வரியில் இருக்கிற எம்ஜி எண்தான் மருந்து. எம்எல் என்பது அந்த மருந்தைக் கரைத்து வைத்திருக்கிற தண்ணீரின் அளவு, அவ்வளவுதான். அதனால்தான் போன தடவைச் சீட்டில் இருந்த ‘5 எம்எல்’ அந்தப் புட்டிக்கு மட்டுமே செல்லும். வேறு புட்டிக்கு அது ஒரு வெற்று எண்.

இப்போது கணக்கு. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 எம்ஜி. இதில் சந்தேகமே இல்லை, எல்லா ஊரிலும் இதே கணக்குதான். வயதை வைத்துக் கொடுப்பதைவிட எடையை வைத்துக் கொடுப்பதுதான் சரி, ஏனென்றால் இரண்டரை வயதில் 9 கிலோ பிள்ளையும் உண்டு, 15 கிலோ பிள்ளையும் உண்டு. உங்கள் பையன் 12 கிலோ என்றால் ஒரு வேளைக்கு 120 முதல் 180 எம்ஜி வரை. 120 சிரப்பாக இருந்தால் 5 முதல் 7.5 எம்எல். 250 சிரப்பாக இருந்தால் ஏறக்குறைய 2.5 முதல் 3.5 எம்எல். ட்ராப்ஸாக இருந்தால் 1.2 முதல் 1.8 எம்எல். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் 6. இருபத்து நாலு மணி நேரத்தில் நாலு வேளைக்கு மேல் வேண்டாம். 180 எம்ஜி வீதம் நாலு வேளை என்றால் 720, அதாவது கிலோவுக்கு 60. சில புத்தகங்கள் இதற்குக் கொஞ்சம் மேலேயும் போகும், ஆனால் அது டாக்டர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிற விஷயம். வீட்டில் 60-லேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

புதுப் புட்டி 250-ஆக இருந்து நீங்கள் பழைய பழக்கத்தில் 5 எம்எல் கொடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 21 எம்ஜி ஆகிறது. ஒரே ஒரு தடவை என்றால் பயப்பட ஒன்றும் இல்லை, அடுத்த வேளையைத் தள்ளிப்போட்டுச் சரியான அளவுக்கு வந்துவிடுங்கள். ஆனால் ‘காய்ச்சல் திரும்பி வருதே’ என்று நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அதே 5 எம்எல்லை ஆறு வேளை கொடுத்தால் ஒரு நாளில் 1500 எம்ஜி, இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. சாப்பிடாமல், வாந்தி எடுத்துக்கொண்டு சுருண்டு கிடக்கிற பிள்ளைக்கு இப்படி இரண்டு மூன்று நாள் போனால் ஈரல் தாங்காது. புட்டியை எடுத்து மடக்கென்று குடித்துவிட்ட பிள்ளையை எல்லோரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இந்தக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிற கணக்கு யார் கண்ணிலும் படாது, அதுதான் எனக்குக் கவலை.

ட்ராப்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறாவது வாரம் தடுப்பூசி போட்டதும் கொடுப்பதற்காக வாங்கின ட்ராப்ஸ் புட்டி வீட்டில் இருக்கும். குட்டிப் புட்டி, கைக்குழந்தை மருந்து, அதனால் வீரியம் கம்மி என்று நினைத்து மூத்த பிள்ளைக்கு ஸ்பூனில் 5 எம்எல் ஊற்றுகிறவர்கள் உண்டு. அந்த 5 எம்எல்லில் 500 எம்ஜி இருக்கிறது, பெரியவர்கள் போடுகிற ஒரு முழு மாத்திரை. கைக்குழந்தைக்குக் கொஞ்சமாகப் புகட்ட வசதியாக இருக்க வேண்டும் என்றுதான் அதைக் கெட்டியாகவே செய்கிறார்கள்.

அளக்கிற சாமான் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டு டீஸ்பூன் ஒன்று 3 எம்எல் பிடிக்கும், இன்னொன்று 6 பிடிக்கும். சங்கிலோ பாலாடையிலோ ஊற்றிப் புகட்டினால் கெட்டியான சிரப்பில் ஒரு பங்கு உள்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஆயா அதில் தண்ணீர் விட்டுக் கழுவி மறுபடி ஊற்றப் பிள்ளை துப்பும், எவ்வளவு உள்ளே போனது என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஊசி இல்லாத 5 எம்எல் சிரிஞ்சு எந்த மெடிக்கலிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் எடுத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், தொண்டைக்கு நேராகப் பீச்ச வேண்டாம். எடுப்பதற்கு முன் புட்டியை நன்றாகக் குலுக்குங்கள். நிறைய சிரப்புகளில் மருந்து அடியில் தங்கும், குலுக்காவிட்டால் முதல் நாள் சர்க்கரைத் தண்ணீரும் கடைசி நாள் கெட்டி மருந்துமாகப் போகும். கொடுத்து அரை மணிக்குள் மொத்தமாக வாந்தி எடுத்துவிட்டால் ஒரே ஒரு முறை திரும்பக் கொடுக்கலாம். அதற்கு அப்புறம் எடுத்தால் அந்த வேளையைக் கொடுத்ததாகவே கணக்கு வையுங்கள். 650 மாத்திரையை உத்தேசமாகக் கால்வாசி உடைத்துத் தேனில் குழைக்கிற வேலை வேண்டாம், கைக்கு வந்தபடி உடைகிற துண்டுக்கு அளவே கிடையாது, ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 500 மாத்திரையைக் கொடுத்து இத்தனை பங்கு என்று எடை பார்த்துச் சொல்லியிருந்தால் அது வேறு, அதன்படியே செய்யுங்கள்.

அடுத்தது, மூன்று மணி நேரத்தில் திரும்பி வருகிற காய்ச்சல். இதை மருந்து வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள், அது தப்பு. பாராசிட்டமால் காய்ச்சலைக் கொஞ்சம் இறக்கும், நோயைத் தொடாது. உள்ளே கிருமியோடு சண்டை நடக்கிறவரை, மருந்து தீரத் தீரக் காய்ச்சல் ஏறத்தான் செய்யும். கொடுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் வேலை ஆரம்பிக்கும். 102.5 இருந்தது 100.5 ஆகி, பையன் எழுந்து உட்கார்ந்து ரெண்டு வாய் கஞ்சி குடித்தால் அந்த மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது. 98.4-க்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று தெர்மாமீட்டரோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. 101 இருந்தும் விளையாடுகிற பிள்ளைக்கு மருந்தே கட்டாயம் இல்லை. 100 இருந்தாலும் சுருண்டு படுத்திருக்கிற பிள்ளையைத்தான் நான் கவனிப்பேன். நடுவில் இருக்கிற நேரத்துக்குத் தண்ணீர், இளநீர், கஞ்சி, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குத் தாய்ப்பால், மெல்லிய உடை, காற்றோட்டம் போதும். சாதாரணத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைப்பது கொஞ்ச நேரச் சுகம், பிள்ளை நடுங்கினால் நிறுத்திவிடுங்கள். ஐஸ் தண்ணீரும் ஸ்பிரிட்டும் கிட்டேயே வரக்கூடாது.

பக்கத்து வீட்டு யோசனைக்கு வருகிறேன். அவர்கள் சொல்கிற இன்னொரு மருந்து அநேகமாக இபுப்ரோஃபென். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு டாக்டர்கள் எழுதுகிற மருந்துதான், கிலோவுக்கு 5 முதல் 10 எம்ஜி, 6 முதல் 8 மணி நேர இடைவெளியில். இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் சூடு கொஞ்சம் கூடுதலாக இறங்குகிறது என்பது உண்மை. ஆனால் அதனால் பிள்ளைக்கு நிஜமாகவே கூடுதல் சுகம் கிடைக்கிறதா என்பது தெளிவில்லை, டாக்டர்களுக்குள்ளேயே ரெண்டு கட்சி உண்டு. என் ஆட்சேபம் வேறு இடத்தில் இருக்கிறது. நம் கடைகளில் குழந்தைகளுக்கு இபுப்ரோஃபென் என்று கேட்டால் கைக்கு வருவது பல சமயம் கலவை மருந்துதான். ஐபுஜெசிக் ப்ளஸ், காம்பிஃப்ளாம் மாதிரியானவற்றில் இபுப்ரோஃபெனோடு பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கிறது. அதை ஒன்பது மணிக்குக் கொடுத்துவிட்டு, இது வேற மருந்துதானே என்று பதினொன்றரைக்குப் பாராசிட்டமால் சிரப் கொடுத்தால் இரண்டரை மணி நேரத்தில் பாராசிட்டமால் இரண்டு தடவை போய்விட்டது. இதோடு சளிக்கு என்று ஒரு சிரப் ஓடிக்கொண்டிருந்தால் அதிலும் பாராசிட்டமால் இருக்க வாய்ப்பு அதிகம். ஆஸ்பத்திரியில் ஆசனவாயில் வைத்த மருந்து பாராசிட்டமால் என்றால் அதுவும் இதே கணக்கில்தான் வரும். மூன்று பெயர், மூன்று நிறம், ஒரே மருந்து. வீட்டில் தினசரி காலண்டர் தொங்குமே, அன்றைய தாளிலேயே மணி, மருந்து, எத்தனை எம்ஜி என்று எழுதிவிடுங்கள். பகலில் நீங்கள் வேலைக்குப் போனால் பார்த்துக்கொள்கிற ஆயாவும் ராத்திரி நீங்களும் ஒரே தாளைப் பார்க்கலாம். டாக்டர் சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுக்கிற வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

நம் பக்கத்தில் இபுப்ரோஃபென் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் டெங்கு. ஐப்பசி, கார்த்திகை மழை விட்டு அங்கங்கே தண்ணீர் தேங்கினதும் கடலூரிலும் புதுச்சேரியிலும் அது வரும் என்பது உங்களுக்கே தெரியும். டெங்குவாக இருந்தால் இபுப்ரோஃபென், மெஃபெனமிக் ஆசிட் என்கிற இன்னொரு காய்ச்சல் மருந்து, ஆஸ்பிரின் மூன்றும் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். முதல் நாள் காய்ச்சல் டெங்குவா இல்லையா என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது, அதனால் பாராசிட்டமாலோடு நின்றுகொள்வதுதான் புத்திசாலித்தனம். வாந்தி பேதியில் உடம்பு வற்றிப்போன பிள்ளைக்கும் இபுப்ரோஃபென் ஆகாது, சிறுநீரகத்தைப் பாதிக்கும். டெங்குவில் இன்னொரு விஷயம்: காய்ச்சல் விட்டதும் அப்பாடா என்று இருந்துவிடக் கூடாது. மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாள் வரை, காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் ஆபத்து வரும். விடாத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் மூக்கில் ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிட்டு அசந்துபோவது, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள்.

மெஃபெனமிக் ஆசிட் பற்றிக் கேட்கிறவர்கள் அதிகம், அது ‘சட்டென்று கேட்கும்’ என்று ஒரு பெயர். 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம், அந்த மருந்தால் அபூர்வமாக, தோலோடு உள்ளுறுப்புகளையும் தாக்குகிற கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று எச்சரிக்கை விட்டது. அபூர்வம்தான். ஆனாலும் சாதாரணக் காய்ச்சலுக்கு நீங்களாக வாங்கிக் கொடுக்க அவசியமே இல்லை. நிமுசுலைடு என்கிற காய்ச்சல், வலி மருந்து 12 வயதுக்குக் கீழே 2011-லேயே தடை செய்யப்பட்டது. பெரியவர்களுக்கு வாங்கின மாத்திரை வீட்டில் கிடந்தால் பிள்ளைக்கு உடைத்துத் தராதீர்கள். ஆஸ்பிரின் குழந்தைக் காய்ச்சலுக்குக் கிடையவே கிடையாது, மூளையையும் ஈரலையும் தாக்குகிற ஒரு நோய் வரலாம்.

2025 அக்டோபர் செய்திக்கு அப்புறம் சிரப் என்றாலே பயப்படுகிறார்கள். நியாயமான பயம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற சளி மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பரிசோதனையில் அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்கிற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அங்கே கொன்றது அந்த நச்சு, பாராசிட்டமால் இல்லை. ஆனால் அது பாராசிட்டமாலோடு இன்னும் இரண்டு மருந்து கலந்த சளி சிரப் என்பதைக் கவனியுங்கள். இரண்டு வயதுக்குள் இருமல் சளி மருந்து கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறையும் அப்போது அறிவுறுத்தியது. நச்சு கலந்திருக்கிறதா என்பதை நிறத்தையோ வாசனையையோ வைத்து வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை, கடைக்காரனான என்னாலும் முடியாது. உங்களால் முடிந்தது இரண்டு: தேவையில்லாத சிரப்பை வாங்காதீர்கள், வாங்கினதற்கு பேட்ச் எண்ணோடு பில் கேளுங்கள். ஏதாவது பேட்ச்சைத் தடை செய்தால் உங்கள் புட்டி அதில் வருகிறதா என்று அந்தப் பில்லை வைத்துத்தான் பார்க்க முடியும்.

காய்ச்சல் ஏறினால் ஃபிட்ஸ் வந்துவிடுமே என்ற பயத்தில்தான் நிறைய பேர் அளவைக் கூட்டுகிறார்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் ஜன்னி வரும். பாராசிட்டமாலை எவ்வளவு கொடுத்தாலும் அதைத் தடுக்க முடிவதில்லை, இது ஆராய்ச்சியில் தெளிவான விஷயம். வந்துவிட்டால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் ஸ்பூனோ தண்ணீரோ வேண்டாம், கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108. சீக்கிரம் நின்றுவிட்டாலும், முதல் தடவை என்றால் அன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மூன்று மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்கு 100.4 தொட்டாலே வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. உங்கள் பையன் வயதில் மூன்று நாள் தாண்டின காய்ச்சல், மூச்சு வாங்குவது, எட்டு மணி நேரமாக மூத்திரம் போகாதது, எழுப்பினால் சரியாக முழிக்காதது, கழுத்து விறைப்பு, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், இதெல்லாம் மெடிக்கலில் கேட்க வேண்டிய விஷயமே இல்லை. வில்லியனூரிலிருந்து எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையோ கோரிமேடு ஜிப்மரோ பக்கம்தான்.

அளவு மீறிப் போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பாராசிட்டமாலின் குணமே அதுதான், முதல் நாள் முழுக்கக் கொஞ்சம் வாந்தியைத் தவிர ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், ஈரல் அடிபட்டது இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வெளியே தெரியும். இந்த நச்சை முறிக்கிற மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது, எட்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் ரொம்ப நன்றாக வேலை செய்யும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல், புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தே அவர்கள் கணக்குப் போடுவார்கள்.

ஃப்ரிட்ஜில் இருக்கிற பழைய புட்டியைக் கொட்டிவிடுங்கள். காலாவதித் தேதி இன்னும் வரவில்லை என்றாலும், அந்தத் தேதி மூடி திறக்காத புட்டிக்கானது. திறந்து ஒரு வருஷம், நடுவில் யார் ஸ்பூனை உள்ளே விட்டார்களோ. பாராசிட்டமால் சிரப்புக்கு ஃப்ரிட்ஜும் தேவையில்லை, அடுப்படி, ஜன்னல் ஓரம் மாதிரி வெயிலும் சூடும் படுகிற இடத்தில் வைக்காமல் இருந்தால் போதும், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில். புதுப் புட்டியைத் திறந்த தேதியை லேபிள் மேலேயே பேனாவால் எழுதுங்கள், கீழே பையனின் எடையும் அந்தப் புட்டிக்கு அவனுக்கான எம்எல்லும். அங்கன்வாடியில் அடுத்த முறை எடை போட்டதும் அந்த எண்ணை மாற்றிவிடுங்கள்.